கார் அசல், ஆர்.சி. அசல், ஓனரும் அசல். பணம் மட்டும் வேறு யாருக்கோ

#1 அல்சூர்வாசி

நேற்று ஐம்பதாயிரம் ரூபாய் கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. என் மனைவிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் பேசாமல் உட்கார முடியாது, அதனால் தப்பியது. பெங்களூரில் பழைய கார் தேடுகிற நம் ஆட்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வைட்ஃபீல்டில் வேலை. அவளுக்காகச் சின்ன பெட்ரோல் வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆன்லைனில் ஒரு 2019 வேகன்-ஆர் கண்ணில் பட்டது. கே.ஏ. 04 பதிவு, ஒரே ஓனர், 41 ஆயிரம் கிலோமீட்டர், விலை 3 லட்சத்து 60 ஆயிரம். அதே வருட வண்டிக்கு மற்றவர்கள் நாலரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். குறைச்சல்தான். ஆனால் பார்த்தவுடனே ஏமாற்று என்று ஒதுக்குகிற அளவுக்குக் குறைச்சல் இல்லை.

போனில் பேசியவர் நல்ல தமிழ் பேசினார். சேலம் பக்கம் என்றார். வண்டி தன் அக்கா வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதாம், அவர் இவருக்கு ஒரு தொகை பாக்கியாம், அதற்குப் பதிலாக வண்டியை விற்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். "வித்யாரண்யபுரத்தில் அவர் வீட்டில்தான் நிற்கிறது. தாராளமாகப் போய்ப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள். ஒன்றே ஒன்று சார், விலை பற்றி மட்டும் அவரிடம் வாய் திறக்காதீர்கள். கடனுக்கு வண்டி போகிறதே என்று ஏற்கெனவே மனசு விட்டுப்போய் இருக்கிறார்." எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நம் வீடுகளில் நடக்காததா?

ஆர்.சி. படம் அனுப்பினார். அரசின் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மாடல், பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் காலாவதி எல்லாம் ஒத்துப்போயின. வங்கிக் கடன் எதுவும் காட்டவில்லை. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் போனோம். வண்டி காம்பவுண்டுக்குள் நின்றது. ஓனர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கன்னடக்காரர், தங்கமான மனிதர். காபி வந்தது. வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை மெக்கானிக் டார்ச் அடித்துப் படித்தார், சரியாக இருந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு "கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் சார்" என்றார்.

இதற்குள் போன் ஆசாமி மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். "பிடித்ததா? மூன்று மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது. இப்போதைக்கு ஐம்பது மட்டும் போடுங்கள், நான் அவர்களை வராதே என்று சொல்லிவிடுகிறேன்." வாட்ஸ்அப்பில் ஒரு வங்கிக் கணக்கு வந்தது. ஒரு பெண் பெயர். தன் மனைவி கணக்கு என்றார். வாசலில் நின்றபடி தொகையை அடித்துவிட்டேன், அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

உள்ளே என் மனைவி அந்த அம்மாவிடம் கன்னடத்தில், "உங்கள் தம்பி போனிலேயே எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா, "எனக்கு ஏது தம்பி? நான் வீட்டுக்கு ஒரே பெண்" என்றார்களாம்.

அப்புறம்தான் மறுபாதிக் கதை தெரிந்தது. அதே ஆசாமி ஓனரிடம் தன்னைப் பீன்யாவில் தொழிற்சாலை வைத்திருப்பவராகச் சொல்லியிருக்கிறார். "என்னிடம் வேலை செய்கிற ஒருவருக்கு வண்டி வாங்கிக் கொடுக்கிறேன், அவர் குடும்பத்தோடு வந்து பார்ப்பார். விலையை அவரிடம் சொல்லாதீர்கள், நான் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்." ஓனர் கேட்ட விலை 4 லட்சத்து 65 ஆயிரம். ஆசாமி ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. அந்த வீட்டில் நான் ஒரு மணி நேரமாக யாரோ ஒரு முதலாளியின் சூப்பர்வைசராக உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன்!

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டோம். ஓனர் குரலைக் கேட்டதும் லைன் துண்டித்தது, பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

என் சந்தேகம் இதுதான். பார்க்கச் சொல்கிற எல்லாவற்றையும் பார்த்தேன். வண்டி, ஆர்.சி., சேஸிஸ், மெக்கானிக், ஓனர் வீடு. எங்கே கோட்டை விட்டேன்?

#2 பேரம் பெரியசாமி

ஒரு லட்சம் குறைத்துப் போட்டால் ஃப்ராடு. அவ்வளவுதான். இதற்கு இவ்வளவு பெரிய பதிவா?

#3 ஜெயநகர் ஜானகி

பெரியசாமி சார், அவ்வளவு சுலபமாக இருந்தால் என் அண்ணா 1 லட்சத்து 80 ஆயிரம் இழந்திருக்க மாட்டார். அவருக்கு விழுந்த வலையில் விலை முப்பதாயிரம்தான் குறைவு. அதையும் அந்த ஆள் பேரத்தில் விட்டுக்கொடுப்பது போல நடித்துக் குறைத்தான். ஒருவேளை கூடக் குறைத்துப் போட்டிருந்தால் அண்ணா உஷாராகியிருப்பார்.

அல்சூர்வாசி சார், நீங்கள் கேட்டதற்குப் பதில் ஒரே வரி. ஆர்.சி.யில் ஒரு பெயர், பணம் வாங்கும் கணக்கில் வேறு பெயர். பார்த்ததெல்லாம் வண்டியைப் பற்றி. பணம் போகிற இடத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

இந்த மோசடியில் ரொம்ப அசிங்கமான கட்டம் பணம் போன பிறகுதான் வரும். என் அண்ணா பணத்தைப் போட்டுவிட்டுச் சாவியைக் கேட்டார். ஓனர், "எனக்கு ஒரு பைசா வரவில்லை, எதற்குச் சாவி?" என்றார். அண்ணாவுக்கு ஓனரும் கூட்டு என்று சந்தேகம். ஓனருக்கு அண்ணா வீடு புகுந்து மிரட்டுகிறார் என்று பயம். தெருவே கூடிவிட்டது. இரண்டு பேரும் ஒரே ஸ்டேஷனில் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். திருடன் எங்கேயோ உட்கார்ந்து அடுத்த விளம்பரத்தைப் போட்டுக்கொண்டிருந்திருப்பான். ஓனர் ஒரு குற்றமும் செய்யவில்லை. தன் வண்டியை விற்க விளம்பரம் போட்டார், கேட்டவனுக்கு ஆர்.சி. படமும் வீட்டு விலாசமும் கொடுத்தார். அவன் அதே படங்களை எடுத்து, தன் நம்பரைப் போட்டு, இன்னொரு விளம்பரம் வைத்துவிட்டான்.

"விலையை அவரிடம் பேசாதீர்கள்" என்ற வார்த்தை எந்தக் காரணத்தோடு வந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் இந்த மோசடி ஐந்து நிமிடம்கூட நிற்காது.

#4 அல்சூர்வாசி

மேடம், படித்ததும் வயிற்றைக் கலக்கியது. மூன்று மணிக்குள் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்தப் பெண் பெயரைக் கண் பார்த்தது, மண்டைக்குள் ஏறவில்லை.

#5 ஆர்.சி. பைத்தியம்

ஜானகி மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே திரையில் வரும். என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும்போதும் கணக்குக்குரியவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. முன்பெல்லாம் கணக்கு எண் சரியாக இருந்தால் போதும், பெயர் என்ன அடித்தாலும் போய்விடும். இப்போது பெயர் வருகிறது. வந்த பெயரை ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டியது நம் வேலை.

எம்-பரிவாஹனில் ஓனர் பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டும். அதனால் ஆர்.சி. அட்டையையும் ஓனரின் ஆதாரையோ பான் அட்டையையோ நேரில் வாங்கி, எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. "மனைவி கணக்கு", "என் கணக்கு ஃப்ரீஸ் ஆகிவிட்டது", "கம்பெனி கணக்கு" என்றால் வேண்டாம். ஓனர் இறந்துபோய் வாரிசுகள் விற்கிறார்களா? முதலில் வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாறட்டும், பிறகு பேசலாம்.

அடுத்தது கடன். செயலியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், "எல்லாம் கட்டி முடித்தாயிற்று சார், அப்டேட் ஆகவில்லை" என்பார்கள். சில சமயம் உண்மையும்கூட. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை ஆர்.சி.யிலிருந்து நீக்க வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன் கணக்குள்ள கிளைக்கே விற்பவரோடு போய், பாக்கித் தொகையை நேராகக் கடன் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். மீதியைத்தான் அவரிடம் கொடுக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. கைமாறியதை விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு. தேதி போடாமல் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு "ஓப்பன் ஃபார்ம்" என்று மாதக்கணக்கில் சுற்றவிடுகிற புரோக்கர்கள் உண்டு. இது வாங்குபவரைவிட விற்பவருக்குத்தான் அதிக ஆபத்து. கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்ட ஈடும் அவர் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு. அந்த மனிதர் வண்டியை விற்று, அது நாலு கை மாறியிருந்தது. காகிதத்தில் மட்டும் அவர் பெயர் அப்படியே இருந்தது.

#6 சாப்பர் தாத்தா

ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 24 வருடம் இருந்தேன். அல்சூர் ஏரிக்கரையில் எங்கள் சென்டர். எங்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், வயதானாலும் தம்பிதான். இந்த இழையில் ஒரு விஷயத்தை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

சீருடை போட்ட ஆள் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, இதெல்லாம் போட்டு "பெங்களூர் ஏர்போர்ட்டில் பணி, திடீர் மாற்றல், வண்டி உடனே விற்பனைக்கு" என்று வருகிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. என் சொந்த மருமகனே போன வருடம் என்னிடம் ஒன்றைக் காட்டி, "மாமா, உங்கள் ஆள்தான், நம்பலாம் இல்லையா?" என்றார்.

வண்டியைப் பார்க்க வரட்டுமா என்றால், "முகாமுக்குள் இருக்கிறது, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று பதில். "ராணுவ லாரியில் உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறேன், போக்குவரத்துச் செலவு 5,100 மட்டும் போடுங்கள், வண்டி பிடிக்காவிட்டால் திருப்பித் தரப்படும்." போட்டதும் கேட் பாஸ், அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் இன்சூரன்ஸ். ஒவ்வொன்றும் "திரும்பக் கிடைக்கும்". முதலில் போட்ட காசை விட மனசு வராமல் அடுத்ததையும் போடுவார்கள்.

கேட்டுக்கொள்ளுங்கள். ராணுவ லாரி சிப்பாயின் சொந்தக் காரை வாங்கியவர் வீட்டில் இறக்கிவிட்டு வராது. மாற்றல் வந்தால் நாங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரனுக்கு விற்போம், இல்லையென்றால் ரயிலில் ஏற்றுவோம். எந்தச் சிப்பாயும் தன் அடையாள அட்டையைப் படம் பிடித்து ஊர் பேர் தெரியாதவனுக்கு அனுப்ப மாட்டான். நாட்டுக்காக இருந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நீங்கள் வைத்திருக்கிற மரியாதையைத்தான் அந்தப் பயல்கள் காசாக்குகிறார்கள்.

#7 ஸ்பானர் செல்வம்

தாத்தாவுக்கு வணக்கம். நான் ஜே.சி. ரோட்டில் பதினைந்து வருடம் மெக்கானிக். இப்போது வண்டி பார்த்துச் சொல்வதையே தொழிலாகச் செய்கிறேன். எல்லாரும் பணத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள், நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். அல்சூர்வாசி அண்ணா கூட்டிப்போன மெக்கானிக் சேஸிஸ் நம்பரைப் படித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆள், விட்டுவிடாதீர்கள்.

பெங்களூரில் நான் முதலில் பார்ப்பது தண்ணீர். 2022 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, மகாதேவபுரா எல்லாம் முங்கியதே. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற வண்டிகள் கூரை வரைக்கும் மூழ்கின. ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடும். அப்படி எழுதிய வண்டியெல்லாம் இரும்புக் கடைக்கா போகிறது? ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, வாசனைத் திரவம் அடித்து மறுபடி விற்பனைக்கு வருகிறது. சென்னையில் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகும் இதே கதை. அங்கே மூழ்கினது இங்கே வரும், இங்கே மூழ்கினது வேறெங்கோ போகும். ஊர் மாறினால் கேள்வி கேட்க ஆள் இல்லை.

கண்டுபிடிக்க எளிய வழி, சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரைக்கும் இழுங்கள். மேலே பளபளப்பாகத் துடைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். முன் சீட்டின் தண்டவாளத்தில் துரு, டாஷ்போர்டு அடியில் ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் பூஞ்சை மாதிரிப் படிவு, தரை விரிப்புக்கு அடியில் ஈரம். ஏசியைப் போடாமல் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். மூக்கு சொல்லிவிடும். வண்டிக்குள் ஊதுபத்தி மணமும் எலுமிச்சை மணமும் சேர்ந்து அடித்தால் நான் இறங்கிவிடுவேன்.

கிலோமீட்டர் விஷயம். டிஜிட்டல் மீட்டர் என்றால் திருப்ப முடியாது என்று இன்னும் நம்புகிறார்கள். லேப்டாப்பை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சொருகி, டீ ஆறுவதற்குள் லட்சத்தை நாற்பதாயிரம் ஆக்கிவிடுவார்கள். மீட்டரைப் பார்க்காதீர்கள், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். முப்பதாயிரம் ஓடிய வண்டியில் அது வழுவழுவென்று தேயாது. டயரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. 2019 வண்டி, முப்பதாயிரம்தான் ஓடியது என்கிறார், நாலு டயரும் 2022-ல் செய்தது என்றால் எதற்கு மாற்றினார் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, ஓனரை வைத்துக்கொண்டே கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று பழைய கணக்கு கிடைக்கும். இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. கண்ணாடிகளின் மூலையிலும் வருடக் குறி இருக்கும். ஒரு கதவின் கண்ணாடி மட்டும் வேறு வருடம் என்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது.

இன்னொன்று மஞ்சள் போர்டு. ஏர்போர்ட் டாக்ஸியாக மூன்று வருடம் ஓடி, வெள்ளை போர்டுக்கு மாற்றி, 'குடும்பம் மட்டும் உபயோகித்தது' என்று விற்பார்கள். கதவு ஓரத்திலும் பானட் அடியிலும் பெயின்ட்டைப் பாருங்கள், பழைய ஸ்டிக்கர் ஒட்டிய தடம் இருக்கும். பின் சீட் ஸ்பாஞ்ச் இரண்டு பக்கமும் சமமாக அமுங்கியிருந்தால் அது சவாரி வண்டி. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம்தான் சண்டை போட்டு உட்காரும்.

#8 பேரம் பெரியசாமி

செல்வம் தம்பி, கடைசி வரி பிரமாதம். விலை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். டெல்லிப் பதிவு இன்னோவா, டீசல், 2017 மாடல், இங்கே கிடைப்பதைவிட நாலு லட்சம் குறைவு. வண்டி இப்போது ஹோசூர் ரோட்டில் ஒரு யார்டில் நிற்கிறது. இதுவும் ஏமாற்றா?

#9 கரோல்பாக் கணேசன்

டெல்லியில் இருபது வருடம் இருந்துவிட்டு இப்போது கே.ஆர். புரத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விலை குறைவுக்கு நேர்மையான காரணமே இருக்கிறது. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025-ல் அந்த விதி பற்றி நிறைய இழுபறி நடந்தது. ஆனால் அங்கே டீசலுக்கு விழுந்த விலை விழுந்ததுதான். ஏழெட்டு வருடம் ஆனதுமே தெற்கே தள்ளிவிடுவார்கள்.

ஆனால் இங்கே கொண்டுவந்தால் கர்நாடகத்தின் ஆயுள் வரி கட்ட வேண்டும். புது வண்டிக்கு விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம் வரைக்கும் போகும். பழையதற்கு வயதுக்கேற்றபடி குறையும், ஆனாலும் இன்னோவா அளவுக்கு லட்சத்தைத் தாண்டிவிடும். வெளிமாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த நாலு லட்சத்தில் வரியைக் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

ஏமாற்று எங்கே வருகிறது? டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, அதாவது ஃபார்ம் 28, "வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிவிடுவார்கள். அது வராது. வராமல் இங்கே பதிவு நடக்காது. வண்டி உங்களுடையதும் அல்ல, திருப்பித் தரவும் முடியாது. இன்னும் மோசமானது, திருட்டு வண்டியில் டோட்டல் லாஸ் ஆன வண்டியின் சேஸிஸ் நம்பரை வெட்டி ஒட்டுவது. நம்பர் மொத்தம் 17 எழுத்து. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, ஒன்றோடும் சைபரோடும் குழம்பக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கிறதா, சுற்றிலும் கிரைண்டர் வைத்த தடமோ புது பெயின்ட்டோ இருக்கிறதா என்று செல்வத்தைப் போன்ற ஆளை வைத்துப் பாருங்கள். திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாஹன் சமன்வய்' சேவை இருக்கிறது.

யார்டு வைத்திருப்பவர் என்றால் ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு அது வேண்டும். கேட்டதும் முகம் மாறினால் நடையைக் கட்டுங்கள்.

#10 பேரம் பெரியசாமி

கேட்டேன். "சார், நீங்கள் வண்டி வாங்க வந்தீர்களா, ரெய்டு நடத்த வந்தீர்களா?" என்றார். நடையைக் கட்டிவிட்டேன்.

#11 ஹெப்பால் ஹேமா

விற்பவர்கள் பக்கம் யாரும் பேசவில்லையே. போன மாதம் என் ஆல்ட்டோவை விற்க விளம்பரம் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர், வண்டியைப் பார்க்கவே இல்லை, "எனக்குப் பிடித்துவிட்டது மேடம், அட்வான்ஸ் 20,000 அனுப்புகிறேன்" என்று ஒரு க்யூ.ஆர். கோட் அனுப்பினார். "ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும்." நான் வங்கியில் வேலை செய்கிறவள் என்பதால் சிரிப்புதான் வந்தது. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் பணம் போகும், அவ்வளவுதான். யு.பி.ஐ.யில் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு 'கலெக்ட்' கோரிக்கை அனுப்புவதை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போது எல்லாம் க்யூ.ஆர். கோடாக வருகிறது.

ஜானகி மேடம் சொன்ன கதையில் ஆர்.சி. படம்தான் விதை. இப்போது நான் ஆர்.சி. படம் அனுப்பினால் அதன் குறுக்கே "ஹெப்பாலில் இன்ன தேதியில் வண்டி பார்க்க வருபவருக்கு மட்டும். விலையை ஓனரிடம் நேரில் பேசவும்" என்று பெரிதாக எழுதித்தான் அனுப்புகிறேன். திருடன் அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. ஓ.டி.பி. கேட்டால் ஆர்.டி.ஓ. வேலைக்கு என்று சொன்னாலும் போனில் சொல்லாதீர்கள். பெயர் மாற்றத்துக்கே ஆதார் ஓ.டி.பி. பயன்படுகிறது.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று வருகிறவரோடு நீங்களும் ஏறுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

#12 மௌனமாகப் படிப்பவன்

மூன்று வருடமாக இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இன்று மதியம் இதே போல ஒரு 'மைத்துனர்' கணக்குக்கு 75 ஆயிரம் போட்டுவிட்டேன். மாலை இந்த இழையைப் பார்க்கிறேன். கை நடுங்குகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?

#13 ஹெப்பால் ஹேமா

தம்பி, படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இப்போதே கூப்பிடுங்கள். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண், எந்தக் கணக்கு என்று கேட்பார்கள். அவர்கள் தகவல் கொடுத்தால் பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கே பிடித்து வைப்பார்கள். திருடர்கள் ஒரு கணக்கிலிருந்து நாலு கணக்குக்குப் பிரித்து ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள், அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். லைன் கிடைக்காவிட்டால் விடாமல் அடியுங்கள், கூடவே மத்திய அரசின் சைபர்கிரைம் தளத்தில் புகார் பதியுங்கள். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் சொல்லுங்கள். காலையில் உங்கள் பகுதியின் சி.இ.என். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள், பெங்களூரில் சைபர் குற்றங்களை அவர்கள்தான் பார்க்கிறார்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ராத்திரிக்குள் காணாமல் போய்விடும். அந்த ஆளைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். இது போன்ற நேரத்தில் தனியாக இருக்கக்கூடாது.

#14 ஜெயநகர் ஜானகி

"உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று நாளைக்கே யாராவது கூப்பிடலாம். அதுவும் திருடன்தான். என் அண்ணாவுக்கு இரண்டு முறை வந்தது.

#15 மௌனமாகப் படிப்பவன்

புகார் எண் வாங்கிவிட்டேன். நாற்பதாயிரம் இரண்டாவது கணக்கில் நின்றிருந்ததாம், பிடித்து வைத்திருக்கிறார்கள். திரும்ப வர நாளாகும் என்றார்கள். மீதி போய்விட்டது. அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை, சாப்பிடச் சொன்னார்கள். எல்லாருக்கும் நன்றி.

#16 நிர்வாகி

ஒரு பதிவிலிருந்து போன் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் நீக்கப்பட்டன. கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு வாடகைக்கு விடப்பட்ட ஏதோ ஒரு ஏழையுடையதாக இருக்கலாம். எண்களைப் போலீஸிடம் கொடுங்கள், இங்கே வேண்டாம்.

#17 அல்சூர்வாசி

ஒரு வாரம் ஆயிற்று, பாக்கியையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வேகன்-ஆரையே வாங்கிவிட்டோம். மறுநாள் காலை ஓனரே கூப்பிட்டார். "பத்து நிமிடமாவது நேராகப் பேசுவோம் சார், நேற்று யாரோ ஒருவன் நமக்காகப் பேசிவிட்டான்" என்று சிரித்தார். நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. இரண்டு பேரும் அவர் வங்கிக் கிளைக்கே போனோம். என்.இ.எஃப்.டி.யில் அவர் பெயர் ஆர்.சி.யில் உள்ளபடி திரையில் வந்ததும் அவரையும் பார்க்கச் சொன்னேன். யஷ்வந்த்பூர் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தாயிற்று. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று ஆர்.சி. பைத்தியம் தனியாக எழுதி நினைவூட்டினார், நன்றி. இழப்பீடு கேட்காததற்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த மனிதரின் நோ கிளெய்ம் போனஸ், அவரோடு போய்விடுமாம், எனக்கு வராது. அது ஒன்றுதான் வருத்தம்.

வண்டி எண்ணில் ஏழு சிக்னல் ஜம்ப் அபராதம் இருந்தது. ஏழும் ஹெப்பால் மேம்பாலத்துக்குக் கீழே. ஓனர் முகம் சிவந்துபோய், மனைவிக்குத் தெரியாமல் அங்கேயே கட்டினார். போலீஸ் பாதி விலைக்கு விட்ட 2025 ஆகஸ்டிலேயே கட்டியிருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டார்.

நேற்று மகள் போனில் காட்டினாள். அதே வண்டி, அதே காம்பவுண்டு சுவர், ஓரத்தில் என் மனைவியின் செருப்புகூடத் தெரிகிறது. நாங்கள் பார்க்கப் போன அன்று நான் எடுத்து அந்த ஆசாமிக்கு அனுப்பிய படம். விலை 3 லட்சத்து 45 ஆயிரம். புகார் கொடுத்திருக்கிறோம். வித்யாரண்யபுரம் ஓனரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது 'முதலாளி அனுப்பினார்' என்று வந்தால் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்வதாகச் சொன்னார்.